தோற்றவரின் முதல் கைநாட்டு

எங்கள் அப்பா முடிச்சூரில் நெல் விளைந்த காலத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, ஏர் ஓட்டித் தம்பி தங்கைகளைக் கரையேற்றினார். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை; என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். அதனால்தான் அவர் நினைவாக இந்த நன்றி மடலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஊர்ப் பெரியதனம் அப்பாவிடம் இருந்தது. கோயில் வாசலில் கூட்டம் கூடினால் கடைசியாகப் பேசுபவர் அவர், அதுவே முடிவு. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த வீட்டுக்குத்தான் அங்கே பேச உரிமை.

பெருவெள்ளத்துக்குப் பிறகு, மழைநீர்க் கால்வாய் போகும் வழியை ஊரே முடிவு செய்து மனு தர வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். அதிகம் மூழ்கியவை மனையோ அடுக்குமாடி வீடோ வாங்கிக் குடிவந்தவர்களின் வீடுகள். அவர்களை ஊர் அதுவரை அழைத்ததே இல்லை. அப்பா தாம்பூலத் தட்டோடு அடுக்குமாடிப் படிகளில் ஏறினார். ஒரு வீட்டு அம்மா தட்டைப் பார்த்து, "பையனுக்குக் கல்யாணமா சார்? பத்திரிகை எங்க?" என்றாராம்.

"கல்யாணம் இல்லம்மா, கால்வா" என்றாராம் அப்பா.

கூட்டத்தில் அப்பா சுற்றுவழியைச் சொன்னார். குடிவந்தவர்களோ நேர்வழி கேட்டார்கள். அது பங்காளிகளின் மனைகளை ஓரம் தின்னும், எங்கள் மனையையும் சேர்த்து. கை தூக்கச் சொன்னார்கள். அப்பா தோற்றார்.

சித்தப்பா எழுந்துவிட்டார். "நீயே கூப்ட்டுகினு வந்து நம்ம வாய அடைச்சிட்டியேண்ணா. இனிமே இன்னா பெரியதனம் கீது உனுக்கு?"

"கூப்ட்டது நானு. கூப்ட்டுட்டு, பேசாதன்னா எப்பிட்றா?" என்றார் அப்பா. நேர்வழி கேட்ட மனுவில் முதல் கைநாட்டு அவருடையது.

கால்வாய் வந்தது, அதன் பிறகு தண்ணீர் வீடுகளுக்குள் வரவில்லை. சித்தப்பாவும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அந்த வருத்தத்தோடுதான் அப்பா படுக்கையில் விழுந்தார். மருத்துவமனைக்குச் சித்தப்பா ஓடி வந்தார், கடைசிவரை உடனிருந்தார்.

கருமாதியன்று பெரியதனத் தலைப்பாகையை எனக்குக் கட்ட வந்தார்கள். கூட்டம் கூட்டிக் கேளுங்கள் என்றேன். "படிச்ச புள்ளதான். காலைல ரயிலேறுனா ராத்திரிதான வூட்டுக்கு வருது?" என்றார் கூட்டத்தில் ஒருவர். நியாயம்தான். எல்லோரும் சித்தப்பாவைச் சொன்னார்கள். நானும் அவருக்கே கை தூக்கினேன்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், வேளைக்குச் சோறு அனுப்பிய அடுக்குமாடிக் குடும்பங்கள், தோள் கொடுத்த பங்காளிகள் அனைவருக்கும் எங்கள் நன்றி. சித்தப்பாவுக்குத் தனியாக. தலைப்பாகை கட்டிய அன்று அவர் என்னிடம் சொன்னார்: "அண்ணன் தோத்துட்டும் கைநாட்டு வெச்சாரு. நான் வெப்பனான்னு தெரியலடா."

வைப்பார் என்று நம்பித்தான் கை தூக்கினேன்.