லிஃப்ட் மெக்கானிக்கின் மிளகாய்ச் செடிகள்

என் வீட்டுக்காரருக்கு மிளகாய் ஒத்துக்கொள்ளாது. ஒரு கடி உள்ளே போனால் போதும், விக்கல் எடுத்துக் கண் சிவந்து சொம்பும் கையுமாகத் திரிவார். அந்த மனிதர்தான் பதினோரு வகை மிளகாய் வளர்க்கிறார். வளர்ப்பது அவர், தின்பது நான். "எரியுதா? எங்க எரியுது? நாக்கு நுனியிலயா, தொண்டையிலயா?" என்று எதிரே உட்கார்ந்து டாக்டர் மாதிரி கேட்பார். என் கண்ணில் தண்ணீர் வழியும்போது அவர் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் ஊர் மிளகாய்க்கு ஏற்ற ஊரே இல்லை. வெயில் அவசரக்கார விருந்தாளி மாதிரி, வரும்போதே செருப்பைக் கழற்றாமல் வரும். ஜன்னலோரம் வைத்த செடி பூக்கும், காய்க்கும், காய் பச்சையாகவே நிற்கும். பழுப்பதற்குள் குளிர் வந்து செடியைக் கொண்டுபோய்விடும். பழுக்காத காயின் விதையை நம்பி அடுத்த வருஷம் தொட்டி வைக்க முடியாது. இப்படியே சில வருஷங்கள் மண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக் கட்டடங்களின் உச்சியில், லிஃப்டை இழுக்கும் மோட்டாருக்கென்று ஒரு சின்ன அறை இருக்கும். ஊரே நடுங்கினாலும் அந்த அறை கதகதப்பாக இருக்கும். ஒரு நாள் அங்கே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரித்தவருக்குப் பொறி தட்டியது. அடுத்த வாரமே டூல் பையில் ஸ்பானரோடு ஒரு தொட்டியும் மேலே ஏறியது.

ஒரு கட்டடத்துக்கு ஒரு வகைதான். "பக்கத்துப் பக்கத்துல வெச்சா மகரந்தம் கலந்துடும். அப்புறம் விதை எந்த ஜாதின்னே தெரியாது," என்பார். அவ்வளவு உயரத்துக்குத் தேனீ ஏறி வராது என்பதால் பூவுக்குப் பூ இவரே பிரஷ்ஷால் தடவிவிடுவார். நான் வீடெல்லாம் தேடி அலைந்த என் கண்மை பிரஷ் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டிய கட்டடங்களுக்கு, தண்ணீர் ஊற்றும் சாக்கில் வாரா வாரம் போனார். போன இடத்தில் சும்மா இருக்க முடியாமல் மோட்டாரையும் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வருவார். அதுவே வினையாகிவிட்டது. இவருடைய லிஃப்ட் ஒன்றுகூட நிற்பதில்லை என்று சூப்பர்வைசருக்கு ஒரே ஆச்சரியம். ரகசியத்தைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் கூடவே மேலே வந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தால் முடியுமா? கதவைத் திறந்ததும் காயும் பூவுமாக நின்றது செடி.

"என்னய்யா இது, கரன்ட் பக்கத்துல தண்ணித் தொட்டி? உமக்கு வேலை வேணுமா, மிளகாய் வேணுமா?"

"வேலைதான் சார்."

"அப்போ இன்னிக்கே எல்லாத்தையும் எடும்."

சூப்பர்வைசர் சொன்னதில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பத்து வகை ஏற்கெனவே பழுத்து, விதை எடுத்தாகிவிட்டது. கடைசி ஒன்றில்தான் சிக்கல். பழுத்தால் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வருமாம். கையில் இருந்த விதையில் ஒன்றே ஒன்றுதான் முளைத்தது. அதில் மூன்று காய், மூன்றும் கல் மாதிரிப் பச்சை. அது போனால் அந்த வகையே இவர் கையை விட்டுப் போச்சு.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால், மனுஷர் சோபாவில் தொட்டியை மடியில் வைத்துப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட முகம்.

"இந்த வீட்டுச் சூடு இதுக்குப் பத்தாதும்மா. ஒரு வாரத்துல இலை கொட்டிடும்."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் எங்க வேலை பாக்குறேன்?"

"லாண்ட்ரில."

"அங்க என்ன இருக்கும்?"

"துணி."

"அட என் ராசா! டிரையர் ஓடுது, நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி ஆவி கக்குது. வெளிய ஜனங்க ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போடுறப்போ நாங்க ஃபேன் போட்டுக்கிட்டு நிக்கிறோம்."

"நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே!"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஊரில் உள்ள மொட்டை மாடியெல்லாம் ஏறிச் சூடு தேடியவருக்கு, பொண்டாட்டி வேலை செய்யும் இடம் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

"பூச்சி வந்துச்சு, தூக்கி வெளிய எறிஞ்சிடுவேன்," என்று சொல்லித்தான் முதலாளியம்மா இடம் கொடுத்தார். டிரையருக்குப் பக்கத்து ஜன்னலில் தொட்டியை வைத்தேன். அன்று முதல் வேலை விட்டதும் அவர் நேராகக் கடைக்கு வந்துவிடுவார். இலையைத் திருப்பிப் பார்ப்பார், மண்ணில் விரல் வைத்துப் பார்ப்பார், பிறகு நான் கிளம்பும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

"அக்கா, மாமா பாக்க வர்றது உங்களையா, செடியையா?" என்று துணி மடிக்கும் பெண் சீண்டுவாள்.

"இதுல என்னடி சந்தேகம்? செடியைத்தான்," என்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன், ஆனாலும் உள்ளே சுருக்கென்றிருக்கும்.

ஒரு நாள் என் காலைப் பார்த்து, "ஏம்மா இப்படி வீங்கியிருக்கு? நாள் பூரா நின்னுக்கிட்டேவா?" என்றார். மறுநாள் ஒரு பழைய ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்து இஸ்திரி மேசைக்குக் கீழே போட்டார். நிற்க மெத்தென்று இருந்தது.

காய் மூன்றும் மெல்ல மெல்லக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தன. கடையிலேயே அறுத்தோம். விதைகளைக் காகிதத்தில் பரப்பிவிட்டு அவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். நான் ஒரு துண்டைத் தின்று, நாக்கு, தொண்டை, காது எல்லாம் எரிகிறது என்று வரிசையாக ஒப்பித்தேன். பிறகு, குளிர்காலம் முழுக்க அது தூங்கட்டும், தூங்கும் செடிக்கு வீட்டுச் சூடே போதும் என்று செடியைக் குச்சியாக வெட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார்.

மறுநாள் சாயங்காலம் ஜன்னல் காலியாக இருந்தது. நான் யாரோ ஒருவரின் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. பார்த்தால், இவர்.

"செடி வீட்டுல இருக்கே?" என்றேன்.

"தெரியும்," என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ முடிச்சிட்டு வா. சேந்து போலாம்."

துணி மடிக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மிளகாய் எதுவும் தின்னாமலே என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எரியுதா?" என்றார் அவர்.

"பேசாம உக்காருங்க," என்றேன்.