மூன்றாவது முறை

என் மகள் ராப் பாடுகிறாள். வங்காள மொழியில் பாடுவாள், கோபம் ஏறினால் தமிழுக்கு வந்துவிடுவாள். லேப்டாப் தாளத்துக்கே பாடிக்கொண்டிருந்தவள், போன குளிர்காலத்தில் டிரம்ஸ், பேஸ் கிதார், கீபோர்டு என்று ஒரு குழுவைச் சேர்த்தாள். மேடையில் பாடுவதை அப்படியே பதிவு செய்து ஆல்பமாக வெளியிடப்போவதாகச் சொன்னாள். கஞ்சிராவுக்கு என்னைக் கூப்பிட்டாள்.

அலிப்பூரில் அரசு அலுவலக வேலை எனக்கு. சனிக்கிழமைகளில் இங்குள்ள தமிழர்களின் பஜனைக் குழுவில் கஞ்சிரா வாசிக்கிறேன். விஷயம் தெரிந்ததும் ஆர்மோனியம் வாசிப்பவர் சிரித்தார்.

"அம்மாங்கிறதால சேத்துக்கிட்டா போல. பாத்துங்கக்கா, அங்க போய் எங்க மானத்த வாங்கிடாதீங்க."

ஒத்திகைகளுக்கு ஒன்றுவிடாமல் போனேன்.

ஒரு பாட்டின் நடுவே நான் தனியாகத் தீர்மானம் என்கிற முத்தாய்ப்பை வாசிக்க வேண்டும். ஒரே தாளச் சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிப்பது எங்கள் வழக்கம். அவர்கள் கணக்கிலோ இரண்டுக்குத்தான் இடம். இரண்டோடு நிறுத்துவதாகப் பேசி, அப்படியே பழகினோம். மேடையில் இரண்டும் முடிந்தது. டிரம்ஸ் நுழைய வேண்டிய இடத்தில் என் கை மூன்றாவதற்குப் போய்விட்டது. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடி உறைந்தார். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். மறுநொடி, வெறும் கஞ்சிராவின் மேல் தன் தமிழ் வரிகளை இறக்கினாள். கூட்டம் கத்தியது.

பிறகு சால்ட் லேக் பகுதியில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்தார்கள். மேடையில் பிசகியதை ஸ்டுடியோவில் திரும்ப வாசித்து ஒட்டுவது இந்தத் தொழிலில் சகஜமாம். ஒலிப்பதிவாளர் மகளின் நண்பர்; நண்பர்களின் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி என்னையும் காக்கிமா என்பார். வங்காள மொழியில் சொன்னார்:

"ரெண்டோட நிறுத்தி ஒரு தடவ வாசிச்சுடுங்க காக்கிமா. இல்லன்னா, அம்மாவுக்கு வாசிக்கத் தெரியல, பொண்ணு சும்மா மேடையேத்தி விட்டிருக்கான்னு பேசுவாங்க."

வாசித்தேன். மகளும் பாடினாள். மயிரிழை பிசகவில்லை. கோப்பில் ஒரு புள்ளி தவறினாலும் திருப்பி அனுப்புகிறவள் நான். எனக்கு அது பிடித்திருக்க வேண்டும். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போடச் சொன்னேன். புதியதில் தன் முறை வந்ததும் மகள் பாடுகிறாள், அவ்வளவுதான். பழையதில் பாடுவதற்கு முன் அவள் மூச்சை இழுப்பது கேட்கிறது.

"பழசே இருக்கட்டும்."

"அது தப்பு, காக்கிமா."

"தப்புதான். மேடையில எல்லார் முன்னாடியும் செஞ்சேன். இப்ப எதுக்கு ஒளிக்கணும்?"

"விட்டுடு தாதா," என்றாள் மகள், அவரை அண்ணன் முறை சொல்லி. "எங்கம்மா எறங்கி வர மாட்டா."

ஆல்பம் வந்த வாரம் பஜனையில் ஆர்மோனியக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "கேட்டேங்க்கா. அந்த எடத்துல மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"ஆமா, தப்பு. தெரிஞ்சேதான் விட்டுவெச்சிருக்கேன். நீங்க பாட்ட ஆரம்பிங்க."

ஆரம்பித்தார். தீர்மானம் வந்தபோது மூன்று முறையும் வாசித்தேன், வழக்கத்தைவிடச் சத்தமாக.