ஒரு சக்கர நாற்காலியைத் தேடி: மாரெட்பள்ளியிலிருந்து குகட்பள்ளி வரை

ஊர் சுற்றப் போன பயணம் இல்லை இது. எங்கள் குழுவிடம் இருந்த ஒரே சக்கர நாற்காலியை, நிதி தர யோசித்துக்கொண்டிருந்த அறக்கட்டளைக்காரருக்குக் காட்டப் போனோம். பேகம்பேட் விமான நிலையம் ஊருக்கு வெளியே போய்விட்டிருந்த சமயம், ஒரு நவம்பர் சனிக்கிழமை. சிறிய தொண்டுக் குழு நடத்துபவர்கள், உதவிக்கு எங்கே எழுதிப் போடலாம் என்று தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

குழு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாரெட்பள்ளியில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். தலைவி ரோஸ்லின் ஆன்ட்டி. செகந்தராபாத்திலேயே பிறந்து, ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் மதுரையிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து, ஆன்ட்டி போடும் டீக்காகக் குழுவில் சேர்ந்தவள். நடக்க முடியாதவர்களுக்கு நாற்காலியை இரவல் தருவோம். வேலை முடிந்தால் எங்களிடம் திருப்பித் தர வேண்டாம், அடுத்துக் கேட்பவர் வீட்டுக்கே அனுப்பிவிடலாம். ஆன்ட்டிக்கு ஒரு போன் போதும்.

பத்து நாற்காலி வாங்க நிதி கேட்டிருந்தோம். இருக்கும் ஒன்றை முதலில் பார்க்க வேண்டும் என்றார்கள். என் எதிர்வீட்டு மேரி டீச்சர் இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து வாசற்படி தாண்டவில்லை, சன்னலோரக் கட்டிலோடு சரி. நிதி வந்தால் முதல் நாற்காலி அவருக்குத்தான். அதனால் எனக்குப் பதற்றம். பக்கத்து நர்சிங் ஹோமில் ஒன்றை ஒரு மணி நேரம் வாங்கிவந்து காட்டிவிடலாமே என்று முந்தின நாள் கேட்டேன்.

"நக்கோம்மா," என்று ஊர் உருதுவில் வேண்டாம் என்றார் ஆன்ட்டி. "இல்லாதத ஒரு தடவ காட்டினா, அப்புறம் காட்டிக்கிட்டே இருக்கணும்."

அறக்கட்டளையிலிருந்து வந்தவர் கார்த்திகேயன், கோயம்புத்தூர்க்காரர். தோளில் கேமரா. எங்களுடையது என்பதற்கு அடையாளமாக இருக்கைக்கு அடியில் நீலப் பெயின்டில் ஆன்ட்டி போட்ட வட்டம் உண்டு, அதைப் படமெடுத்தால் வேலை முடிந்தது என்றார். நாற்காலி பேகம்பேட்டில் ஒரு வீட்டில் இருப்பதாக ஆன்ட்டி சொல்லியிருந்தார், மூட்டுவலியால் அவர் வரவில்லை. நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்து (முப்பது ரூபாய்) செகந்தராபாத் ஸ்டேஷன் போய், மூன்று மணி லோக்கல் ரயில் ஏறினோம். சஞ்சீவையா பூங்கா பக்கம் ஏரி ஒரு கணம் தெரிந்து மறையும். இடதுபுறம் உட்காருங்கள். நான் வந்த வேலையையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேகம்பேட் வீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண் கதவைத் திறந்தாள். நான் தமிழில் கேட்டேன், அவள் தெலுங்கில் பதில் சொன்னாள்: "இச்சேசாம் ஆன்ட்டி." கொடுத்துவிட்டார்களாம். அவள் அப்பாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. நாற்காலி முந்தின நாள் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனிக்குப் போயிருக்கிறது. ஆன்ட்டிக்குச் சொல்லலாம் என்று இருந்து மறந்திருக்கிறார்கள்.

"ஏனுங்க, உங்க பொருள் எங்கிருக்குன்னு உங்களுக்கே தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க சார். யாராச்சும் உக்காந்திருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு டீச்சரின் சன்னல் கண்ணுக்குள் வந்தது.

மறுபடி ரயில், ஐந்து ரூபாய் டிக்கெட். ஹைடெக் சிட்டி நிறுத்தம் வரை பாறைகளும், அவற்றுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்களும். மாலை வெயில் பட்டு எல்லாம் தேன் நிறமாக இருந்தது. இறங்கி, நாற்பது ரூபாய் ஆட்டோ. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி தண்ணீர்த் தொட்டிகள், மாடி நிறையத் துணிகள். தெரு தெருவாகச் சுற்றியதில் ஏதோ கனவுக்குள் நடப்பதுபோல இருந்தது, பயம் மட்டும் நிஜம்.

முதல் மாடி பால்கனியில் இருந்தது எங்கள் நாற்காலி. அதில் ஒரு பெரியவர், தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கத்தில் இருந்தார். அவர் மனைவி விரலை உதட்டில் வைத்தார்.

"ஆபரேஷன் முடிஞ்சு மூணு ராத்திரியா கண்ண மூடல. இதுல உக்கார வச்சதும் தூங்கிட்டார். எழுப்பணுமா தம்பி?"

வட்டம் இருக்கைக்கு அடியில். அவரைத் தூக்காமல் அதைப் பார்க்க முடியாது. கார்த்திகேயன் கேமராவைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பெரியவரையே பார்த்தவர், கேமராவைப் பைக்குள் வைத்து, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு பால்கனித் தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கீழே கொய்யாப்பழ வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். வெயில் பெரியவரின் முழங்காலிலிருந்து இறங்கி, சக்கரத்துக்கு வந்து, தரைக்கு வந்து, போய்விட்டது. அவர் விழிக்கவில்லை.

"போலாங்க," என்றார் கார்த்திகேயன் மெதுவாக. "நான் பாத்துட்டேன்."

திரும்பும் ரயிலில், நிதி கிடைக்குமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கேட்டது பத்து, வந்தது நான்கு. கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பதிவுச் சான்றும் தணிக்கை செய்த கணக்கும் கையில் இல்லாமல் எழுதிப் போடாதீர்கள். வாடகை, சம்பளத்துக்குப் பலர் தரமாட்டார்கள், பொருளாகக் கேட்டால் தருவார்கள். பெரிய நிதிக்கு முன் கம்பெனி ஊழியர்கள் நடத்தும் சின்ன நிதிகளைக் கேட்டுப் பாருங்கள். பார்வையிட வருபவரை மதியத்துக்கு மேல் வரச் சொல்லுங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும். இருப்பதை மட்டும் காட்டுங்கள்.

நான்கில் முதலாவது மேரி டீச்சருக்கு. வாசல் கேட் வரை தள்ளிக்கொண்டு போனேன். ஸ்கூட்டர்கள் போவதைச் சாயங்காலம் முழுக்கப் பார்த்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"காலைல நான் எப்படியும் படுத்துத்தான் கெடக்கேன்," என்றார். "அந்த நேரத்துல இத யாருக்காச்சும் குடேன். சாயந்தரம் வந்தாப் போதும்."