ரீட்டா முறுக்கிய போல்ட்டுகள்

காமயகவுண்டன்பட்டியில் ஜாஸ்பரைத் தெரியாதவர்கள்கூட அவன் ஓட்டிய ஜீப்பைத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை அடைத்து ஏற்றிக்கொண்டு காலையில் கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறுவான். பொழுது சாயக் கொண்டுவந்து இறக்குவான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரீட்டா பார்த்த பிழைப்பு அதுதான். பிள்ளை இல்லை. ஊரையே சுமக்கிற வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு எங்கேயும் போனதில்லை என்பது அவனுக்கு ஒரு குறை.

"நீயும் நானும் மட்டும் உக்கார்ற மாதிரி ஒரு வண்டி. மூணாவது ஆளுக்கு இடமே கெடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருநாள் நிஜமாகவே அதை வரவழைத்துவிட்டான். கோயம்புத்தூரில் ஒருவர் செய்து விற்கிற கார். குழாய்ச் சட்டமும் பைபர் பாடியும் தனித்தனியாக லாரி பார்சலில் வந்தன. இஞ்சினையும் மற்றதையும் வாங்குகிறவன்தான் தேடிப்பிடித்து மாட்டிக்கொள்ள வேண்டும். ரோட்டில் ஓட்டப் பதிவு கிடைக்காது என்று விற்றவரே சொல்லியிருந்தார். அதைக் கேட்டு ஜாஸ்பர் அலட்டிக்கொள்ளவில்லை.

உடைப்புக்குப் போன பழைய ஆம்னி வேனிலிருந்து இஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் எடுத்து வந்தான். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை எழும்பியது. லேத்துப் பட்டறை வைத்திருந்த கூட்டாளி கர்ணன் கூடமாட நின்றான். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இந்தச் சட்டத்துக்கு நீளம். கர்ணன்தான் அதை வெட்டிச் சுருக்கி வெல்டிங் வைத்துக் கொடுத்தான்.

அந்த நாட்களில் கொட்டகையிலிருந்து அடிக்கடி இரும்பு விழும் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால், "ஸ்பேனர் தேஞ்சிருச்சு, நழுவுது" என்பான். புதிது வாங்கினான். அதுவும் நழுவியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படும்போது சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றவனை ரீட்டா பார்த்தாள். அவளே போட்டுவிட்டாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டான். முதல் கியரில் சக்கரம் சுற்றியது. ரெண்டாவது போட்டதுதான் தாமதம், அடியில் படபடவென்று அடித்து, ஷாஃப்ட் கழன்று சுழன்று வந்து கர்ணனின் முழங்காலுக்குக் கீழே பிளந்துவிட்டது. கியர்பாக்ஸின் பின்முனையும் விரிசல் விட்டது.

ரீட்டா துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கர்ணன் தன் வெல்டிங்கைத்தான் தேடினான். அது அப்படியே இருந்தது. போல்ட்டுகள்தான் கழன்றிருந்தன.

"ஏலே, டைட் வைக்கலையா?"

"வச்சேன்."

"வச்சது கழலுமாடா?"

ஜாஸ்பர் குனிந்து, தான் பூட்டிய மற்ற போல்ட்டுகளை இடது கையால் தொட்டுப் பார்த்தான். ஒன்று விரலுக்கே அசைந்தது. இன்னொன்றும். பிறகு வலது கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது.

மறுநாளே ஜீப் சாவியை ஓனர் விஜய்ராஜிடம் கொடுத்துவிட்டு வந்தான். விஜய்ராஜ் வீட்டுக்கே வந்து கேட்டார். "பொம்பளையாள்கள ஏத்திக்கிட்டு மெட்டு எறங்குற வண்டிண்ணே. என் கைய நானே நம்ப மாட்டேன்" என்றான்.

தேனியில் பார்த்து மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரை டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, குணப்படுத்த மருந்து இல்லை என்றார்.

"காலு?" என்றான் ஜாஸ்பர்.

"காலும்தான். பேச்சு, முழுங்குறது எல்லாம் போகப்போகக் கஷ்டமாகும். ஆனா உங்க புத்தி தெளிவா இருக்கும்."

திரும்பும் பஸ்ஸில் சின்னமனூர் தாண்டியதும், "புத்தி மொதல்ல போயிருந்தா தேவலையில்ல?" என்றான் ஜாஸ்பர். ரீட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டியை விற்றுவிடுவான் என்று நினைத்தாள். அவனோ வேறு கியர்பாக்ஸ் கொண்டுவரச் செய்தான். "நான் பூட்டுனது ஒன்னு பாக்கியில்லாம கழட்டணும். நீ பூட்டு" என்றான்.

அதுவரை தையல் மெஷின் தவிர எதையும் கழற்றி மாட்டியிராத ரீட்டா, பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தாள். அவன் நாற்காலியில் இருந்து சொல்லச் சொல்லச் செய்தாள். கியர்பாக்ஸ்தான் படுத்தியது. அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல்வைத்த ராடு, கிளட்ச் தட்டின் நடு ஓட்டையில் போய் உட்கார வேண்டும். தட்டு ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் உள்ளே போகாது. ஜாக்கியில் ஏற்றி, தள்ளி, இறக்கி, மறுபடி ஏற்றி அவளுக்குத் தோள் கழன்றது.

"கண்ணு இருக்கா இல்லையா ஒனக்கு? நடுவுல வையின்னா என்ன அர்த்தம்?" என்று கத்தினான்.

ரீட்டா வெளியே வந்து ஸ்பேனரைத் தரையில் எறிந்தாள். "கண்ணும் இருக்கு கையும் இருக்கு. ஒங்களுக்கு வாயி மட்டும்தான் இருக்கு. அதையாச்சும் ஒழுங்கா வச்சுக்கங்க."

சொன்ன பிறகுதான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும். தெருவில் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"ஒரு மரக்குச்சியச் சீவி ஓட்டையில விட்டு, கிளட்ச் தட்ட நடுவுல நிறுத்தி முறுக்கு" என்றான் கடைசியில், தணிந்த குரலில். "பெறகு குச்சிய உருவிட்டு ஏத்து."

அப்படியே செய்தாள். ராடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "ம், போல்ட்டப் போடு" என்றான். அவ்வளவுதான்.

வண்டி முடிந்தபோது நெல் அறுப்பு முடிந்திருந்தது. கர்ணனின் காய்ந்த வயலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜாஸ்பரின் இடது கால் அதற்குள் கிளட்சை மிதிக்கும் நிலையில் இல்லை. பேச்சும் குழறியது. ரீட்டாவுக்கு ஓட்டத் தெரியாது. இருவர் உட்காரும் வண்டியில் கர்ணன் ஸ்டியரிங் பிடித்தான். ஜாஸ்பரைப் பக்கத்தில் வைத்துச் சேலையால் இருக்கையோடு கட்டினார்கள். ரீட்டா வரப்பில் நின்றாள்.

வண்டி குலுங்காமல் ஓடியது. ஒரு போல்ட் அசையவில்லை. முதல் திருப்பத்தில் ஜாஸ்பர் சிரித்தான். வேடிக்கை பார்த்தவர்களும் சிரித்தார்கள். அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. வண்டி நின்றும், சேலைக் கட்டை அவிழ்த்தும், மூச்சுத் திணறி எச்சில் வழிய அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். ஓடிவந்து துடைக்கக் குனிந்த ரீட்டா அவன் கண்களைப் பார்த்தாள். அவற்றில் சிரிப்பு இல்லை. நிறுத்து என்று கெஞ்சிக்கொண்டிருந்தன. அவள் அவன் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அந்த நோயில் இப்படிச் சிரிப்பு வந்தால் அடக்க முடியாதென்று பிறகு டாக்டர் போனில் சொன்னார்.

அடுத்த தவக்காலத்தில் ஜாஸ்பர் இறந்தான். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்த கர்ணன், வெட்டுத் தழும்பிருந்த காலை நீட்டி உட்கார்ந்து, "அன்னைக்கு வண்டியில எம்புட்டுச் சந்தோசமாச் சிரிச்சான் தெரியுமா, ஆத்தா" என்று சொல்லி அழுதான்.

"ஆமாண்ணே" என்றாள் ரீட்டா.