உள்பக்கம் பார்க்கிற பரக்கத் அலி

சூரமங்கலத்தில் ஜட்கா குதிரைகளுக்கு வார் தைத்துக்கொண்டிருந்த பரக்கத் அலியைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. தோலின் வெளிப்பக்கம் வழவழவென்று இருக்கும். உள்பக்கம் சொரசொரவென்று நார் நாராகப் பிரிந்து நிற்கும். மற்ற கடைக்காரர்கள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். இவர் விடமாட்டார். கத்தியால் சீவி, புளியங்கொட்டைப் பசையைத் தடவி, பசை முக்கால்வாசி காய்ந்ததும் கண்ணாடிப் பாட்டிலை வைத்து அழுத்தித் தேய்ப்பார். அப்புறம் இன்னொரு தரம் பசை, இன்னொரு தரம் தேய்ப்பு. ஜட்காக்காரர்கள் காத்திருந்து காத்திருந்து அவரைத் திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

அந்தத் தேய்ப்பில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் உட்கார்ந்து அவருடைய ஒரே மகள் வஹீதுன்னிசா செய்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தன் கடை வாரோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கென்ன வந்தது? எதிரில் யார் வந்தாலும் அவர்கள் பெல்ட்டையும் செருப்பையும் புரட்டிப் பார்க்கிற வியாதி அவருக்கு. நான் அத்தர் விற்கிறவன். நாலு வீடு ஏறி இறங்குவதால் வரன் பார்த்துச் சொல்வதும் உண்டு. வஹீதுன்னிசாவுக்கு நான் கொண்டுபோன ஓமலூர் வரன் அருமையான வரன். பையனின் தகப்பனார் வாசலில் விட்டிருந்த செருப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உள்வாரைத் தேய்க்காமயே மாட்டிக்கிட்டுத் திரியறாங்க. இவங்க ஊட்டுலயா பொண்ணைக் குடுக்கறது?" என்று பரக்கத் அலி என்னிடமே கேட்டார். அடுத்த வரன் ஒரு பெல்ட்டினால் போயிற்று. அந்த வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்றுதான் இருந்தேன். பெண்ணுக்கு இருபது தாண்டிவிட்டதே என்று மனசு கேட்கவில்லை.

அப்படித்தான் ஆத்தூர் வரன் வந்தது. அரிசி வியாபாரி அன்வர் பாட்சாவின் மகன் ஜக்கரியா. எங்களில் பெண் பார்க்க மாப்பிள்ளை வருகிற வழக்கமில்லை. ஜங்ஷனில் சரக்கு எடுக்கிற சாக்கில் அவனும் தாய் தகப்பனோடு வந்து சேர்ந்தான்.

அன்று காலையிலேயே பரக்கத் அலியின் மனைவி மஸ்தான் பீவி அவரை வழிமறித்து நின்றாள். "ஏனுங்க, இன்னைக்கு எதையும் புரட்டிப் பாக்கக் கூடாது. இதுவும் தட்டிப்போச்சுன்னா எம் பொண்ணைக் கூட்டிக்கிட்டு அண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்."

"பாக்கலை, போதுமா?" என்றார். கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜக்கரியாவின் அம்மா திரையை விலக்கி உள்ளே போய்ப் பெண்ணைப் பார்த்துத் திருப்தியானாள். கூடத்தில் நாங்கள் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தோம். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, மாப்பிள்ளை சொறிய ஆரம்பிக்கும்வரை. முதலில் இடது இடுப்பு. பிறகு வலது இடுப்பு. பிறகு சட்டைக்குள் இரண்டு கையையும் விட்டு ஒரு பிடி பிடித்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து மஸ்தான் பீவி என்னைக் கூப்பிட்டாள். "பாய், அந்தத் தம்பிக்குப் படை கிடை இருக்குதுங்களா? மறைச்சுட்டீங்களா?"

எனக்கு வேர்த்துவிட்டது. வரன் போனால் போகிறது, சொறிக்காரனைக் கட்டிவைக்கப் பார்த்தான் என்று பெயர் வந்தால் நாளைக்கு எந்த வீட்டில் என்னை ஏற்றுவார்கள்? நான் பதில் தேடுவதற்குள் பரக்கத் அலி எழுந்து மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, சட்டையைத் தூக்குங்க."

கைலிக்கு மேல், பாதி வெறும் இடுப்பில் படும்படி அகலமான புது பெல்ட். பெண் பார்க்கப் போவதற்கென்றே சந்தையில் வாங்கியதாம். "அதைக் கழட்டிக் குடுங்க" என்றார்.

அன்வர் பாட்சா துள்ளி எழுந்தார். "என்னாங்க இது, பொண்ணு பாக்க வந்த எடத்துல புள்ளைய அவுக்கச் சொல்றீங்க? எழுந்திரிடா, போலாம்!"

பையன் அரிப்புத் தாங்காமல் அதற்குள் கழற்றிக் கொடுத்திருந்தான். பரக்கத் அலி அதைப் புரட்டினார். உள்பக்கம் தேங்காய் நார் மாதிரி இருந்தது. நேரே கொல்லைப்பக்கம் போய்ச் சீவ ஆரம்பித்துவிட்டார்.

அன்வர் பாட்சா போகத்தான் பார்த்தார். போவது எப்படி? மாப்பிள்ளையின் கைலி கஞ்சி போட்ட புதுக் கைலி. எப்படிச் செருகினாலும் நழுவியது. பெல்ட்டிலோ பசை பூசியாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு ரயில் ஏற முடியாது. வெயில் ஏற ஏற அவர் கோபமும் ஏறியது. மஸ்தான் பீவி சோறு போட்டாள். ஜக்கரியா இடது கையால் கைலியைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டான். நான் எதுவும் தெரியாதவன் போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகப் பெல்ட் வந்தது. ஜக்கரியா கட்டிக்கொண்டான். குனிந்தான், நிமிர்ந்தான். கை இடுப்புக்குப் போகவில்லை. அவன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

"அரிப்பே இல்லைங்க. ஆனா வெளிய தெரியாத பக்கத்துக்கு எதுக்கு இவ்ளோ பாடு?" என்று கேட்டான்.

கடைப் பெயர், மானம், மரியாதை என்று ஒரு பாட்டம் அழப் பரக்கத் அலி வாயைத் திறந்தார். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"உடம்புல படறது அந்தப் பக்கந்தானுங்களே."

பேசியவள் வஹீதுன்னிசா. நிக்காஹுக்கு முன்னால் மாப்பிள்ளை காதில் பெண்ணின் குரல் விழுவதாவது! மஸ்தான் பீவி மகளின் வாயைப் பொத்தியிருப்பாள், வளையல் சத்தம் கேட்டது. அப்புறம் ஜக்கரியாவின் அம்மா உள்ளேயிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தாங்க, தேதிய வைங்க. இவ நம்ம ஊட்டுக்குத்தான்" என்று புருஷனுக்குக் குரல் கொடுத்தாள். அன்வர் பாட்சா மகனைப் பார்த்தார். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் உட்கார்ந்துவிட்டார்.

மகள் போய்விடுவாள் என்பது அப்போதுதான் பரக்கத் அலிக்கு உறைத்தது. கண் கலங்கியது. துடைத்த கையெல்லாம் புளியங்கொட்டைப் பசை. ஒரு கண் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. "தண்ணி, தண்ணி" என்று கத்தினார்.

செம்போடு ஓடிவந்தவள் வஹீதுன்னிசா. திரை ஞாபகம் அவளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. முந்தானையை நனைத்து அவர் இமையைத் துடைத்தாள்.

"அசையாம இருங்க, அத்தா" என்றாள்.

அவர் அசையாமல்தான் இருந்தார். கண் திறந்த பிறகும், இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.