பழிக்கு ஓர் ஆள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் இளையவளுக்கு வீட்டில் ‘உருப்படாதது’ என்று பெயர். தண்ணீர்த் தொட்டி வழிந்தாலும் அவள்தான், அப்பாவுக்கு இருமல் வந்தாலும் அவள்தான். அண்ணன் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதி அப்பாவின் கால் முறிந்தபோது, அவள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பேச்சுக் கொடுத்ததால்தான் அவன் கவனம் சிதறியது என்று அம்மா சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்தாள். முன்சீட்டில் இருந்த அப்பா மறுக்கவில்லை. அண்ணன் வாயே திறக்கவில்லை. அதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

வேலை நிலைத்ததும் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு வெளியேறினாள். யாரும் தடுக்கவில்லை. பீடை ஒழிந்தது என்றுகூட நினைத்திருப்பார்கள்.

அவள் போன பிறகும் பால் பொங்கி வழிந்தது, அப்பாவின் கால் வலித்தது. யாரைத் திட்டுவது? கொஞ்ச நாள் தடுமாறிவிட்டு, அம்மாவின் வாய் அண்ணன் பக்கம் திரும்பியது. போனில் அவனைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினாள். சமாதானம் சொல்லத்தான் மகள் வாயெடுத்தாள். வந்தது வேறு.

“அவன் எப்பவுமே பொறுப்பில்லாதவன்தாம்மா. நீயும் அப்பாவும்தான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க.”

அம்மா ‘உம்’ கொட்டினாள். மகளுக்கு அன்று முழுக்க வேலை அலுக்கவே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றினாள். அப்பாவின் கால் முறிந்தது யாரால் என்றும் ஒருநாள் கேட்டுவைத்தாள். அடுத்த வாரமே அப்பா அதை அண்ணன் முகத்துக்கு நேராகச் சொன்னாராம்.

அவன் கடைக்கே வந்துவிட்டான். கசங்கிய சட்டை, தூங்காத கண்.

“ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போயேன். நீ இருந்தா நிம்மதியா இருக்கும்.”

“யாருக்கு?”

அவன் தரையைப் பார்த்தான். “அன்னிக்கு நீ தூங்கிட்டுதான் இருந்தே. எனக்குத் தெரியும்.”

இந்த வார்த்தைக்காக அவள் வருடக்கணக்கில் ஏங்கியிருந்தாள். இப்போது கேட்டபோது ஆத்திரம்தான் ஏறியது.

“அதை அப்பா அம்மா முன்னாடி சொல்லு. அப்புறம் வரேன்.”

அவனுக்கு அந்தத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும். வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனான். அவள் மெஷினைப் போட்டாள்.

சீக்கிரமே அவனும் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டான். மிஞ்சியது இரண்டு பேர். பிள்ளை போனதற்கு அம்மாவின் வாய்தான் காரணம் என்று அப்பா பிடித்துக்கொண்டார். அம்மா போனில் விம்மி விம்மி அழுதாள். மகள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

“அப்பா சொல்றது சரிதானேம்மா,” என்றாள்.