சத்தியத்தின் போனில் பூத்த தோட்டம்

சத்தியம் என்ற பேரை நான் முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த மறுநாள். "சத்தியம் என்ன சொன்னாலும் நம்பிடாதே" என்றார் மாமியார். அது என் கொழுந்தன். வாயைத் திறந்தால் புளுகு, புளுகுக்கு முன்னால் ஒரு சத்தியம். அதில் ஒட்டிக்கொண்ட பட்டப்பேர்.

மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை வைத்திருந்தான். கையில் செம்புக் கம்பி, கன்னத்தில் புகையிலை. விட்டாச்சு அண்ணி என்பான், கன்னம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். வாய்ப்புற்று வராமல் தடுக்கப் போனில் ஓர் ஏற்பாடு செய்கிறோம், புகையிலை போடுகிறவர்களே கூட உட்கார்ந்து யோசனை சொல்லணும் என்று தெருவில் ஆள் சேர்த்தார்கள். டீ உண்டு என்றதும் இவன் முதல் வரிசை.

சாயங்காலமானால் போன் கேட்கும், இன்றைக்குப் போட்டீர்களா என்று. இல்லை என்று அமுக்கினால் ஒரு பூ பூக்கும். ஆமாம் என்றால் வாயைப் பரிசோதிக்கக் கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளில் நம்ம ஆள் போனில் தோட்டமே வந்துவிட்டது. என் ஓரகத்தி, அதாவது அவன் பெண்டாட்டி, போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்டினாள்.

அதற்குள் அவன் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு படலம். காரம் பட்டால் துடித்தான். போய்க் காட்டேன்டா என்றேன். "கூப்பிட்டா போறேன் அண்ணி" என்றான். தன் கல்யாணத்துக்கே இரண்டு பேர் போய் இழுத்துவந்த ஆள் அவன். ஆனால் தினமும் இல்லை என்று அமுக்கும் தோட்டக்காரனை யார் கூப்பிடுவார்கள்?

அந்தப் பெண்கள் யோசனை கேட்கக் கூட்டிய அடுத்த கூட்டத்தில் மெதுவாக எழுந்து, தன் சிநேகிதன் ஒருத்தன் தப்பாக அமுக்கிவிட்டான், திருத்த வழி உண்டா என்று கேட்டிருக்கிறான்.

"முதல்ல உன் சிநேகிதனைத் துப்பிட்டு வந்து பேசச் சொல்லு" என்றார் பக்கத்திலிருந்த பால்காரர்.

பார்த்தால் பால்காரர் போனிலும் தோட்டம். அறை முழுக்கத் தோட்டம். அந்தப் பெண்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பேசிப் பேசிக் கடைசியில், 'நேத்துச் சொன்னது பொய்' என்று ஒரு பட்டன் வைப்பதாக முடிவானது. அமுக்கினால் பூ உதிரும் என்றாள் ஒருத்தி.

இவன் பதறிவிட்டான். "பூவுல கை வைக்காதீங்கம்மா. வீட்ல பொண்டாட்டி பாத்துக்கிட்டிருக்கா. பூ போச்சுன்னா ஒருத்தனும் அமுக்க மாட்டான்."

பூவை விட்டுவைத்தார்கள். பட்டன் வந்த அன்றே கடையில் உட்கார்ந்து அமுக்கினான். பிறந்ததிலிருந்து அவன் ஒப்புக்கொண்ட முதல் பொய் அதுதான்.

மறுநாளே கூப்பிட்டார்கள். படலத்தை வெட்டியெடுத்துப் பார்த்து, இன்னும் புற்றாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார்கள். விஷயம் தெரிந்து ஓரகத்தி வறுத்தெடுத்தாள். தையல் போட்ட வாயை வைத்துக்கொண்டு அவனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

இப்போது கடையில்தான் இருக்கிறான். புகையிலை போடுவதில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வாயைக் காட்டிவிட்டு வருகிறான்.